பதினாலு மெகாபிக்சலும் பாம்புத்தாராக் குஞ்சும்

பெட்டியைத் திறந்ததுமே அனீஸாவுக்குத் தெரிந்துவிட்டது, இது அவள் கேட்ட கேமரா இல்லை.

எதிரே கணவன் ஃபாஜில் உட்கார்ந்திருந்தான். துபாயிலிருந்து வந்த சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. கூடம் முழுக்கப் பிரித்துப் போட்ட அட்டைப் பெட்டிகள், பால்மாவு டின்கள், கம்பளி, அத்தர். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, கடைசியாகக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான் இது.

"எப்படி?" என்றான்.

"நல்லா இருக்கு மச்சான்."

"நீ எழுதினது பன்னெண்டு மெகாபிக்சல். இது பதினாலு. நீ கேட்டதுக்கு மேலயே ரெண்டு. லென்ஸ் தனியா வேண்டாம், இதுலயே முப்பது மடங்கு ஜூம் இருக்கு. கலந்தர்தான் எடுத்துக் கொடுத்தான். நம்மூர்ப் பையன், அங்க கேமரா கடையிலதான் இருக்கான், பொய் சொல்ல மாட்டான்."

"ஒரு கேமராவுக்கு இவ்வளவு பேச்சா?" என்றாள் அவனுடைய அம்மா சைத்தூன் பீவி. "கல்யாண வீடியோவா எடுக்கப் போறா? கொக்கைப் படம் பிடிக்கத்தானே?"

அனீஸா சிரித்துவைத்தாள். மாமி சொன்னது முக்கால்வாசி சரி. கொக்கு இல்லை, பாம்புத்தாரா.

அனீஸா குடவாசலில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஃபாஜில் துபாயில் ஒரு குடோனில் ஸ்டோர் கீப்பர். ஒன்பது வருஷமாக இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகிறவன். இடையில் இருக்கும் மாதங்களில் அனீஸாவுக்குப் பிடித்துப்போன வேலை, பள்ளிக்குப் போகும் வழியில் சாத்தனேரிக் கரையில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பறவைகளைப் பார்ப்பது. ஏரிக்குள் கருவேல மரங்கள் நிற்கின்றன. போன இரண்டு மார்கழியிலும், இந்த வருஷமும் அவற்றில் பாம்புத்தாரா கூடு கட்டியது. உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் பாம்புபோல நீட்டி நீந்தும் கறுப்புப் பறவை. குஞ்சு மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும்.

அந்த வெள்ளைதான் இப்போது தகராறு. மரங்களை ஏலம் விட்டு, உடைந்து கிடக்கும் மதகைக் கட்டுவதாக ஊராட்சி முடிவு செய்திருந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஏலம். எடுத்தவர் அன்றைக்கே வெட்டத் தொடங்கலாம். அனீஸா தலைவர் தியாகேசனைப் போய்ப் பார்த்தாள். பழைய சின்னக் கேமராவில் எடுத்த படத்தையும் காட்டினாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வெள்ளையா ஒரு புள்ளி தெரியுது டீச்சர். எங்க வீட்டு மளிகைப் பை மாதிரிதான் இருக்கு. காத்துல பறந்து போய் மாட்டிக்கிட்டிருக்கும்."

"குஞ்சுங்க ஐயா அது."

"குஞ்சா இருந்தா எனக்கு என்ன, வெட்டணும்னு ஆசையா? குஞ்சு இருக்கிற மரத்துல கை வைக்கக் கூடாதுன்னு வனத்துறையிலயும் சொல்லியிருக்காங்க. ஆனா மதகு இல்லாம கோடையில ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது, அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். கண்ணு மூக்கோட காட்டுங்க, நானே தள்ளி வைக்கிறேன். பைக்காகத் தள்ளி வச்சேன்னு ஊர்ல சிரிக்கக் கூடாது பாருங்க."

அதற்காகத்தான் அவள் பள்ளிக் கணினியில் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்து, எந்த கேமரா, எந்த லென்ஸ் என்று ஃபாஜிலுக்கு எழுதினாள். எண்ணைச் சொன்னாளே தவிர, அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதை எழுதவில்லை. தவறு அங்கேதான் நடந்தது. டிவி என்றால் எத்தனை இஞ்ச், தங்கம் என்றால் எத்தனை கேரட் என்று எண்ணைக் கேட்டே வாங்கிப் பழகிய ஊருக்கு, பன்னிரண்டைவிடப் பதினாலு பெரியது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

ஃபாஜில் வந்தது செவ்வாய் மதியம். புதன் விடிகாலையில் இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். கேமராவை ஃபாஜில்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தான். ஏரிமேல் பனி புகைபோல நின்றது. கரையிலிருந்து மரம் ஒரு கூப்பிடு தூரம். இதற்குமேல் தண்ணீரில் இறங்கிப் போனால் தாய்ப்பறவை கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும். பின்னாலேயே பருந்து வரும். அனீஸா கரையில் உட்கார்ந்தபடியே ஜூமை முழுசாக இழுத்து எடுத்தாள். கேமராவின் குட்டித் திரையில் படம் பளிச்சென்று இருந்தது.

"பாத்தியா!" என்றான் ஃபாஜில்.

வீட்டுக்கு வந்து டிவியில் மாட்டினார்கள். பட்டனை அமுக்கிக் கூட்டை மட்டும் பெரிதாக்கினான். பெரிதாக ஆக, பறவை கரைந்தது. ஈரச் சுவரில் கையால் தேய்த்த சுண்ணாம்புபோல ஒரு வெள்ளை, அதைச் சுற்றிக் கறுப்பும் பழுப்பும் திட்டுத் திட்டாக.

"என்னடி இது, பஞ்சு மிட்டாயா?" என்றாள் சைத்தூன் பீவி.

"கை ஆடியிருக்கும்மா. புதுசு இல்லையா, பழகணும்" என்று ஃபாஜில் தாயிடம் சொன்னான். சொல்லிவிட்டு அனீஸாவைப் பார்த்தான்.

அவள் கை ஆடவில்லை. "ஆமா, ஆடியிருக்கும்" என்றுதான் அவள் வாயும் சொன்னது. நாளைக்கு ஏலம். வேறு கேமரா கேட்க ஆள் இல்லை. இதை வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றால், இது எங்கே காலை வாருகிறது என்று தெரிய வேண்டும். தெரிந்துகொள்ளப் போனால் ஃபாஜிலுக்கும் தெரிந்துவிடும்.

பள்ளியில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு மதியம் வந்தாள். மாடிக்குப் போய், தெருவுக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசல் சுவரில் மாட்டியிருந்த தொழுகை நேரப் பலகையைக் கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து எடுத்தாள். ஃபாஜிலும் பின்னாலேயே வந்து நின்றான். டிவியில் பார்த்தபோது ஐந்து வேளை நேரமும் அச்சடித்ததுபோல இருந்தது. பலகை ஓரத்தில் பெயின்டர் போட்ட பெயர்கூடத் தெரிந்தது.

"பாரு! கேமராவுல ஒண்ணும் இல்ல" என்றான். முகம் தெளிந்துவிட்டது.

"சாயங்காலம் ஒரு தடவை எடுத்துடலாம் மச்சான். அப்ப நீங்களே எடுங்க."

மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால், வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தபோது, அதே இடத்தில் அதே பலகையை ஃபாஜிலே எடுத்தான். சுவரில் அழுத்திப் பிடித்து, மூச்சை அடக்கி எடுத்தான். கீழே இறங்கி டிவியில் போட்டான். மூன்றா எட்டா என்று தெரியவில்லை. பெயின்டர் பெயர் இருந்த இடத்தில் ஒரு கறை.

கைதான் ஆடியது என்று சொல்ல இப்போது வழியில்லை. அவன் கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அனீஸா இரண்டு டம்ளர் டீயோடு பின்னால் போனாள்.

"பெட்டியைத் திறந்தப்பவே தெரிஞ்சுதா?" என்றான், திரும்பாமல்.

"தெரிஞ்சுது."

"நல்லா இருக்குன்னு சொன்னியே."

அவள் டம்ளர்களைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"ஒம்போது வருஷமா நான் கொண்டு வந்ததையெல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்றே. அதுல எத்தனை இப்படி?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கடன்பட்டதுபோல ஒவ்வொரு தடவையும் பெட்டி சுமந்து வருகிற மனிதனிடம் என்ன சொல்வது?

"அந்த இஸ்திரிப்பெட்டி நெசமாவே நல்லா இருந்துச்சு" என்றாள்.

"இஸ்திரிப்பெட்டி!" என்றான். சிரிப்பு வரவில்லை. "சரி சொல்லு. பதினாலு எப்படி பன்னெண்டைவிடக் குறைஞ்சு போச்சு? கலந்தர் ஏமாத்திட்டானா?"

"இல்ல. பதினாலு நெசந்தான். படத்தைப் பதினாலு மில்லியன் புள்ளியாப் பிரிக்கும். ஆனா அத்தனை புள்ளியும் உக்கார உள்ள ஒரு சின்னத் தகடு இருக்கு, சென்சார்னு. இதுல அது சுண்டுவிரல் நகம் அளவுதான். நான் எழுதின கேமராவுல தபால்தலை அளவு இருக்கும். தூரத்துப் பறவையை வெட்டிப் பெருசாக்க நிறையப் புள்ளி இருந்தா நல்லதுதான். ஆனா ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் போய்ச் சேரணும்ல? பத்தலைன்னா கேமராவே குத்துமதிப்பா எதையாவது பூசி நிரப்பிடும். காலையில நாம பாத்தது அந்தப் பூச்சு."

ஃபாஜில் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலைப் பார்த்தான். குத்தகைக்கு விட்டிருந்த அவர்கள் நிலம். சம்பா கதிர் பழுத்து நின்றது.

"நாத்து மிஞ்சிப்போச்சுன்னு நெருக்கி நட்ட வயல் மாதிரி" என்றான். "குத்து எண்ணுனா கூடத்தான் இருக்கும். வெயில் இறங்காது. தூர் கட்டாது, பாதி பதர்."

"அதேதான்."

"இதை முதல்லயே எழுதியிருக்கலாம்ல? மெகாபிக்சலை எழுதினே, நகத்தை எழுதலையே."

"எழுதியிருக்கணும்" என்றாள். அது அவள் தப்புதான்.

அவன் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான். "மதியம் படம் வந்துச்சே. வெயில் இருந்தா வரும். அப்ப வெயில்ல எடுப்போம்."

"பனி விலகி வெயில் ஏற ஒம்போது ஒம்போதரை ஆயிடும். பதினொண்ணுக்கு ஏலம்."

"அந்த இடைவெளி போதும்" என்றான். குரலில் கோபம் மிச்சம் இருந்தது. ஆனாலும் கீழே போய், பாதி நிரம்பிய உமி மூட்டை ஒன்றைத் தேடி எடுத்து வைத்தான், கேமராவை ஆடாமல் வைக்க.

வியாழன் காலை, பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, கிழக்குக் கரையில், சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்கார்ந்தார்கள். சூரியன்தான் வரவில்லை. பனி போய் மேகம் வந்தது. ஒன்பதரை ஆயிற்று. பத்தும் ஆயிற்று. எதிர்க்கரையில் ஒரு டெம்போ வந்து நின்றது. ஆட்கள் இறங்கி, கயிறும் ரம்பமுமாக இறக்கி வைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்கள்.

"ஏலமே விடல, அதுக்குள்ள வந்துட்டானுங்க" என்றான் ஃபாஜில். "யாரு எடுப்பாங்கன்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க."

"பேசாதீங்க மச்சான். ஆடுது."

அவள் வெளிச்ச அளவைக் கூட்டிக் காட்டும் எண்ணை நூறுக்குக் குறைத்து வைத்திருந்தாள். அதற்குமேல் போனால் கேமரா பூச ஆரம்பிக்கும். விரல் பட்டு ஆடாமலிருக்க, அமுக்கி இரண்டு நொடி கழித்து எடுக்கும்படியும் வைத்திருந்தாள். திரையில் கூடு தெரிந்தது. அதன் விளிம்பில் வெள்ளையாக ஒன்று. அசையவே இல்லை. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே பைதானோ?

மேகம் கிழிந்தது. ஏரிமேல் வெயில் விரித்துப் போட்ட பாய்போல வந்து மரத்தில் ஏறியது. அதே சமயம் கறுப்பாக ஒன்று தாழப் பறந்து வந்து கூட்டில் இறங்கியது. வெள்ளை எழுந்து நின்றது. ஒன்று இல்லை, இரண்டு. ஒரு குஞ்சு தாயின் வாய்க்குள் கழுத்துவரை தலையை விட்டு இரையைப் பிடுங்கியது. அனீஸா அமுக்கினாள். இரண்டு நொடி. அமுக்கினாள். இரண்டு நொடி. மூன்றாவது தடவைக்குள் வெயில் போய்விட்டது.

"வந்துச்சா?"

"குட்டித் திரையில நல்லாத்தான் தெரியுது. நேத்தும் நல்லாத்தானே தெரிஞ்சுது."

வீட்டுக்குப் போய்ப் பார்க்க நேரமில்லை. ஊராட்சி அலுவலகத்தில் அரசாங்கம் கொடுத்த டிவி இருக்கிறது. ஃபாஜில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். டிவி வயரைக் காலையிலேயே எடுத்து வைத்திருந்தான். ஸ்கூட்டியில் அவள் ஓட்ட, அவன் பின்னால் கேமராவை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்தான்.

உள்ளே ஏலத்துக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள். தியாகேசன் நிமிர்ந்தார். "வாங்க டீச்சர். வாங்க ஃபாஜில், எப்ப வந்தீங்க? பை படமா?"

யாரோ சிரித்தார்கள். ஃபாஜில் டிவியில் வயரைச் செருகினான். திரை நீலமாகவே இருந்தது. இன்னொரு துளையில் செருகினான். "துபாய்க்காரருக்கே வயர் தெரியலையே" என்றார் ரம்பக்காரர்களைக் கூட்டிவந்த காண்ட்ராக்டர். மூன்றாவது துளையில் படம் வந்தது. மரம். கூடு. வெள்ளை.

"பெருசாக்கு" என்றான் ஃபாஜில், மனைவியிடம், மெதுவாக.

அவளுக்குப் பயமாக இருந்தது. பட்டனை அமுக்கினாள். கூடு பெரிதானது. இன்னும் அமுக்கினாள். கரையவில்லை. தாயின் தொண்டை புடைத்து நின்றது தெரிந்தது. பக்கத்தில் காத்திருந்த குஞ்சு வாயைப் பிளந்திருந்தது. அலகு, கண், கழுத்துப் பஞ்சுமயிர் எல்லாம் தெரிந்தன.

தியாகேசன் எழுந்து டிவி அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"மளிகைப் பை வாயைப் பொளக்காதுங்க" என்றான் ஃபாஜில்.

"அந்த ஒரு மரத்தை விட்டுட்டு மத்ததை வெட்டிக்கிறேன்" என்றார் காண்ட்ராக்டர்.

"பக்கத்து மரத்துல ரம்பம் போட்டா இது கூட்டுல இருக்குமா?" என்றாள் அனீஸா.

தியாகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏலம் பங்குனிக்குத் தள்ளி வச்சாச்சு. அதுக்குள்ள இதுங்க பறந்துடும்ல டீச்சர்? பங்குனிக்கு மேல என்கிட்ட வராதீங்க. மதகு கட்டியாகணும்."

"அதுக்குள்ள பறந்துடும்ங்க ஐயா." பங்குனிக்குப் பிறகு மரங்கள் போய்விடும், அடுத்த மார்கழியில் இவை எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு இவ்வளவுதான் கிடைத்தது.

வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பும்போது ஃபாஜில் சொன்னான்: "அடுத்த தடவை நீ சொன்ன பன்னெண்டையே கொண்டு வர்றேன்."

"சென்சார் அளவையும் கேட்டு வாங்குங்க."

"தபால்தலை." பின்னால் ஏறி உட்கார்ந்தான். வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டியது. பிறகு கேட்டான்: "அந்த அத்தர் எப்படி? நெசமாச் சொல்லு."

அனீஸா கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தாள். "தலை வலிக்குது மச்சான். ஒம்போது வருஷமா."