மற்றதெல்லாம் திரும்பிப் போ

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தின்படி ஜானட், ‘சக ஊழியரின் வெற்றியைத் தன் வெற்றியாகக் கருதும் மனநிறைவு கொண்டவர்’. படிவத்தை நிரப்பிய மேலாளர் உஸ்மா நல்ல பெண். எல்லாருக்கும் அதையேதான் எழுதுவார்.

ராயபுரத்து ஜானட்டும் பெரம்பூர் சாலமனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசல் தடுப்பை, வரும் டிரெய்லரின் வகை பார்த்துத் திறந்து மூடுகிற புரோகிராம் ஒன்பது ஆண்டுகளாக ஜானட்டுடையது. சி மொழியில் எழுதியது. அதையே சாலமன் மூன்று வாரத்தில் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதிவிட்டார். அடுத்த வாரம் திங்கட்கிழமை முதல் வாசலுக்குச் சாலமனே பொறுப்பு என்று உஸ்மா அறிவித்தபோது முதலில் கைதட்டியவர் ஜானட். கடைசியில் நிறுத்தியவரும் அவரே.

அந்த வாரம் முழுக்க ஜானட், சாலமன் எழுதியதை வரிவரியாகப் படித்தார். குறை தேடித்தான்.

படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. சி மொழியில் ‘இப்படியானால் இதைச் செய்’ என்று ஓர் இஃப் எழுதி, ‘இல்லாவிட்டால்’ என்கிற எல்ஸை மறந்தால், அது பாட்டுக்குப் பேசாமல் போய்விடும். மறந்ததை ஜானட்டுக்கு எடுத்துச் சொன்னவர்கள் டிரெய்லர் ஓட்டுநர்கள். அந்த வார்த்தைகளை அவர் பாவசங்கீர்த்தனத்தில்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. ரஸ்டிலோ இஃபின் விடையை ஒரு மாறியில் வாங்க வேண்டுமானால், எல்ஸ் இல்லாமல், எழுதியதைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் விடாது. வகை வகையாகப் பிரிக்கும் மேட்ச்சில் ஒன்று விட்டுப்போனால் பெயர் சொல்லிக் கேட்கும். தான் வெயிலில் நின்று வசவு வாங்கிச் சேர்த்த எல்ஸெல்லாம் சாலமனுக்கு ஏசி அறையில், மரியாதையான ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தன. ஒரு மனிதன் மீது பொறாமைப்படுவது போதாதென்று, ஜானட் ஒரு கம்பைலர் மீதும் பொறாமைப்பட்டார்.

“இன்னா ஜானட்டு, என் கோடுக்குள்ளயே குடித்தனம் பண்ணிகினு கீற?” என்றார் சாலமன்.

“சும்மா பாத்துகினு கீறேன் மாமு. சோக்கா எழுதிக்கீற.”

“உன்துகூட நல்லாத்தான் ஓடிச்சி. பாவம், அதுக்கு வயசாய்ட்ச்சி.”

“எனக்கும்தான் ஆய்ட்ச்சி. உனக்கு மட்டும் ஆவலியா?”

சனிக்கிழமை மதியம் குறை கிடைத்தது. மேட்ச்சின் கடைசி வரியில் ஓர் அடிக்கோடு. ‘மற்றதெல்லாம்’ என்று அதற்குப் பொருள். அதைப் போட்டால் கம்பைலர் மேற்கொண்டு எதுவும் கேட்காது. ஏழு வகை வண்டியில் நான்குக்குப் பெயர் சொல்லிப் பதில் இருந்தது. மற்றதெல்லாம், திரும்பிப் போ. அந்த மூன்றில் இரண்டு இப்போது வருவதேயில்லை. மூன்றாவது, நிறைந்த பெட்டி ஒன்றும் காலிப் பெட்டி ஒன்றும் சேர்ந்து ஏற்றிய டிரெய்லர். நாளொன்றுக்குப் பத்து வண்டியாவது வரும். பின்னால் ஒரு மைல் வரிசை நிற்கையில், நாற்பதடி வண்டி எண்ணூர் சாலையில் எங்கே திரும்பும்? வாசல் பக்கமே போகாதவருக்குத்தான் அப்படி எழுத வரும்.

ஜானட்டுக்கு எரிந்த வயிறு குளிர்ந்தது. தங்கை ஆன்சிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

“வாயத் தொறக்காதக்கா,” என்றாள் ஆன்சி. “திங்கக்கெழம நடுரோட்ல நாறட்டும்.”

“நாறும். அப்பால பத்தே நிமிசத்துல அவனே சரி பண்ணுவான். இன்னா வேகம் பாருன்னு உஸ்மா மேடம் அதுக்கும் கைதட்ட வைப்பாங்கோ.”

“ஐயே, ஆமாங்க்கா.”

“இன்னொரு தபா என்னால தட்ட முடியாது ஆன்சி.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பிய ஜானட், அந்தக் கடைசி வரியை நீக்கி, விடுபட்ட மூன்று வகைக்கும் தனித்தனியே பதில் எழுதி, திருத்தத்தைத் தன் பெயரில் சாலமனுக்கு அனுப்பினார். உஸ்மாவுக்கும் ஒரு நகல் வைத்தார்.