எல்லாரும் சொன்ன ஒரே பதில்

உளவியல் முதுகலைக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, பனியன் கம்பெனிப் பெண்களின் தனிமை. அதற்காக நல்லூரில் ஒற்றை அறை பிடித்துத் தங்கினேன். பேச்சுத்துணைக்கு அங்கே மின்விசிறி இருந்தது. அதுவும் கரண்ட் இருந்தால்தான்.

'தனிமையா இருக்கா' என்று நேராகக் கேட்கக் கூடாது. அளக்க முடிகிற ஒன்றாக அதை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்குச் செயல்முறை வரையறை என்று பெயர். கடைசியாக எப்போது, யாரிடம் மனம்விட்டுப் பேசினீர்கள் என்பது என் வரையறை.

தையல் லைனில் முதலில் உட்கார்ந்திருந்த அம்மா, "நேத்துத்தானுங்க, எங்க ஊட்டுக்காரருகிட்ட" என்றார். நான் தலையாட்டினேன். அடுத்தவர், "எனக்கும் அதேதானுங்க." அதற்கடுத்தவரும் அதே. கல்யாணமே ஆகாத ஒரு பெண்கூட அதையே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பிறகுதான் உறைத்தது. லைனில் முதல் பீஸைப் பார்த்துச் செக்கர் தலையாட்டிவிட்டால், மற்றதெல்லாம் அச்சு அசலாக அதைப் போலவே வர வேண்டும். முதல் பதிலுக்கு நானும் தலையாட்டியிருந்தேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆகாது. ஒருவர் பதில் இன்னொருவர் காதில் விழவே கூடாது. அத்தனையும் வீண். உண்மை சொல்ல ஒரே ஒருவர் கிடைத்தால் போதும் என்று ஏங்கினேன். ஆய்வுக்காக மட்டும் இல்லை.

மறுநாள் டீ நேரத்தில் ஒவ்வொருவராக மொட்டைமாடிக்கு அழைத்தேன். முந்தின நாள் "அதேதானுங்க" என்றவர்களில் ஒருவர், ஓவர்லாக் தைக்கும் அக்கா, டீயைக் குடிக்காமலே நின்றார். பிறகு சொன்னார். கணவர் விட்டுவிட்டுப் போனது லைனில் யாருக்கும் தெரியாதாம். தீபாவளிக்குத் தானே சேலை எடுத்து, அவர் வாங்கித் தந்ததாகச் சொல்லிக் கட்டிக்கொண்டு வருவாராம். டீயில் ஆடை படிந்துவிட்டது.

ஆனாலும் கேள்வியைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? கேட்டேன்.

"மனசு உட்டுப் பேசுனதுங்களா? இப்பத்தானுங்க. உங்ககிட்டத்தான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்க, கண்ணு? நீங்க யாருகிட்டப் பேசுனீங்க?"

கேட்பவர் தன் கதையைச் சொன்னால் பதில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது பாடம். "நான் சொல்லக் கூடாதுங்கக்கா" என்றேன்.

"செரிங்க" என்று அவர் படியிறங்கிப் போனார்.

அப்படி ஒரு விதி இருந்ததில் எனக்கு நிம்மதிதான். இல்லாவிட்டால், யாரும் இல்லை என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.