பேத்தியின் முகத்துக்கு ஒரு பல்பு

என் மாப்பிள்ளைக்கு வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உத்தியோகம். பட்டப்பகலிலும் விளக்கெரியும் கட்டடம். அங்கே என்ன வேலை என்று பல வருடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவருக்கே சொல்லத் தெரியவில்லை. நான் ஏழாவதோடு நின்றவன். தங்கவயலிலிருந்து ஒரு வெல்டிங் பட்டறைக்கு எடுபிடியாக வந்தேன். இன்று என் பெயரில் மூன்று பட்டறை ஓடுகிறது. என் வேலை என்னவென்று நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெருமுனையிலேயே சத்தம் கேட்கும்.

அவர் மகளுக்கு, அதாவது என் பேத்திக்குக் கல்யாணம். ரிச்சர்ட்ஸ் டவுன் சர்ச்சில், பொழுது சாய்ந்த பிறகு. பெண் என் காரில்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் கைகட்டி நிற்காமல் வாங்கிய கார் அது.

"உள்ளே இருட்டா இருக்கு மாமா. வீடியோல மூஞ்சியே தெரியாது. நீளமா வெள்ளைக் கார் ஒண்ணு வாடகைக்குச் சொல்லிடறேன்" என்றார் மாப்பிள்ளை.

"பல்பை மாத்தினா தெரியப் போகுது."

"மூஞ்சி தெரிஞ்சா தாத்தா கார்தான்" என்று பேத்தி தீர்ப்புச் சொன்னாள்.

மாப்பிள்ளை போனிலேயே எல்.இ.டி. பல்பு வரவழைத்தார். அதை மாட்ட மூன்று வீடியோ பார்த்தார். ஒத்திகை மேக்கப்போடு வந்த பேத்தி பின்சீட்டில் உட்கார்ந்ததும் கூரை விளக்கைப் போட்டோம். நீலம் பாய்ந்த வெள்ளை. போனில் தன் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ தாத்தா, பெட்டியில வச்சு ஜெபம் பண்ணப்போற மாதிரி இருக்கேன்!"

"நான் அப்பவே சொன்னேன்ல? வெள்ளைக் கார்தான் சரி" என்றார் மாப்பிள்ளை.

அவர் வேண்டுமென்றே அந்த பல்பை வாங்கியதாகச் சிலர் நினைத்தார்கள். அந்த அளவுக்குச் சாமர்த்தியம் அவருக்கில்லை.

மேக்கப் கலைவதற்குள் இருவரையும் சிவாஜி நகரில் ஒரு கார் சாமான் கடைக்கு இழுத்துப்போனேன்.

"ஒயிட்லயே எந்த ஒயிட் வேணும் பெரியவரே?" என்றார் கடைக்கார பாய்.

"ஒயிட்னா ஒயிட்தானே?" என்றார் மாப்பிள்ளை. பதினாறு வருடம் படித்த படிப்பு.

பாய் ஒரு பேட்டரியில் ஒவ்வொரு பல்பாக எரியவிட்டு, பேத்தியின் கன்னத்தருகே பிடித்துக் காட்டினார். கடைக்கு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். லேசாக மஞ்சள் கலந்த ஒன்றைப் பிடித்தபோது அவள் கழுத்துச் சங்கிலி தங்கமாகத் தெரிந்தது. முகமும் எங்கள் வீட்டு முகமாக வந்தது.

"இதுதான் தாத்தா!"

வீட்டில் நானே மாட்டினேன். எரியவில்லை. மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எல்.இ.டி.க்குத் தலைமாடு கால்மாடு உண்டு. கழற்றித் திருப்பிப் போட்டேன். பல்பு எரிந்தது, அவர் முகம் அணைந்தது.

கல்யாணத்தன்று நான்தான் ஓட்டினேன். பின்னால் பேத்தி, அவளுக்குப் பக்கத்தில் அவள் அப்பா. வீடியோக்காரர் ஸ்கூட்டரில் கூடவே வந்தார். சிக்னலில் நின்றோம். சுற்றிலும் இருட்டு, எங்கள் கார் மட்டும் நகைக்கடை மாதிரி. பஸ் ஜன்னலெல்லாம் தலைகள். ஓர் ஆட்டோக்காரர், "மதுவேனா? ஒள்ளேதாகலி!" என்று கல்யாணமா எனக் கன்னடத்தில் கேட்டு வாழ்த்தினார்.

மாப்பிள்ளை சீட்டில் சரிந்துகொண்டார். "லைட்டை ஆஃப் பண்ணுங்க மாமா, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும் டாடி" என்று அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க மட்டும் குனிஞ்சுக்குங்க."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் அவசரப்படவில்லை.