புரோக்கர் ஏகாம்பரம் மூன்றாவதாகக் காட்டிய இடம்

புரோக்கர் ஏகாம்பரம் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். நேற்று சாயங்காலம்கூட யாருக்கோ மனை காட்டிவிட்டு வந்திருக்கிறார்...

என்னோடு சண்டை போடுவதற்கென்றே இந்த பேஸ்புக் பக்கம் வருகிறவர்கள் இன்றைக்கு ஒரு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள். நான் சரியில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்து, கோவில்பட்டியிலிருந்து வந்து மண்ணூரில் இறங்கினோம். அவர், நான், எங்கள் செந்தில். செந்திலுக்கு அப்போது ஒன்பது வயது. பிறவியிலேயே மூளை வாதம். நடக்க மாட்டான், பேச மாட்டான், சோற்றைக் கண்டால் மட்டும் வாய் தானாகத் திறக்கும்.

வாடகை வீடு பிடித்துத் தந்தவர் ஏகாம்பரம். அக்குளில் ரெக்சின் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. இரண்டும் எழுதாது.

எங்கள் ஊர் வழக்கப்படி "அண்ணாச்சி" என்றேன். "நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினு கீறேன்?" என்றார். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

செந்திலைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போயிருந்தது. ஒருநாள் வீட்டு ஓனர் விஷயமாக வந்தவர் அதைக் கவனித்துவிட்டார்.

"ஒரு எடம் கீதும்மா. பகல்ல இந்த மாதிரி பசங்களப் பாத்துக்குவாங்க. கை காலுக்கு எக்சர்சைஸ் குடுப்பாங்க."

"எம்பிள்ளைய எனக்குப் பாக்கத் தெரியும். வேற சோலி இருந்தா போய்ப் பாருங்க அண்ணாச்சி."

ஒன்பது வருஷமாக அவனை நான் ஒருத்தர் கையிலும் கொடுத்ததில்லை. மாமியார் கேட்டும் கொடுத்ததில்லை. இவர் யார்?

ஆனால் புரோக்கருக்கு ரோஷம் கிடையாதே. அடுத்த வாரமே வந்து நின்றார். "சரி, எடம் வாணாம். கவர்மென்ட் கார்டாவது வாங்கலாம் வா."

காஞ்சிபுரத்தில் ஊனமுற்றோர் கார்டுக்கான கேம்ப். டாக்டர் செந்திலை நன்றாகப் பார்த்துவிட்டு, "ஊனம் எழுபத்தைந்து சதவீதம்" என்றார்.

அண்ணாச்சிக்குப் பழக்க தோஷம். "சார், தொண்ணூறு போடுங்க சார்."

"இது என்ன மனையாய்யா, பேரம் பேசுறதுக்கு?"

"உங்களுக்கும் வாணாம், எங்களுக்கும் வாணாம். எண்பதுல முடிச்சிக்கலாம் சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்ற அம்மாமார் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும், "எழுபத்தஞ்சே நல்ல ரேட்டும்மா. சும்மா கேட்டுப் பாத்தேன்" என்றார்.

"இது கூடுனா நமக்குச் சந்தோஷமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அட... ஆமால்ல" என்று நடுரோட்டிலேயே நின்றுவிட்டார் மனுஷன்.

அதற்கடுத்த மாதம் செந்திலைக் குளிப்பாட்டத் தூக்கினேன். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அவன் சிரித்தான். எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் ஓவர்டைம் முடித்து வரும்வரை அப்படியே ஈரத்தில் கிடந்தோம்.

இன்னும் எத்தனை நாள் இவனைத் தூக்குவேன் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது. "சரி, சும்மா வந்து பாக்கேன்" என்று அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பினேன்.

முதலில் கூட்டிப்போன இடம் நடக்க முடியாத பிள்ளைகளுக்கானது... இரண்டாவது மாடியில். லிப்ட் கிடையாது. "காத்து நல்லா வரும்மா" என்றார் அண்ணாச்சி.

அடுத்த இடத்தில், தானாகச் சாப்பிடுகிற, தானாக பாத்ரூம் போகிற பிள்ளைகளை மட்டும்தான் சேர்ப்பார்களாம். "அப்படிப் பிள்ளையா இருந்தா தெருமுக்கு ஸ்கூல்ல சேத்திருப்பேன்லா" என்று அந்த மேடத்திடம் ஒரு பாட்டம் ஆடிவிட்டு வந்தேன்.

மூன்றாவது இடம் சின்னது. படியே இல்லை, சாய்வுப் பாதை. ஒரு டீச்சர் தரையில் உட்கார்ந்து, என்னிடம் கேட்காமல் செந்திலிடமே பெயர் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவனும் "ஆ..." என்று ஏதோ சொன்னான்.

குறை சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"இத மொதல்லயே காட்டிருக்கலாம்லா?"

"மொதல்லயே காட்டியிருந்தா செவுத்து கலரு சரியில்லன்னு கெளம்பியிருப்ப. ரெண்டு மோசத்த காட்டிட்டுதாம்மா நல்லத காட்டணும். தொழிலு."

இடுப்பு போனவளை இரண்டு மாடி ஏற வைத்த தொழில். அங்கேயே வைத்துத் திட்டினேன். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதல் நாள் செந்திலை விட்டுவிட்டு, கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? வித்துட்டியா? போக்கியத்துக்குக் கூட குடுக்கல. மூணு மணிக்கு உன் கைக்கு வந்துடும்."

அழுகிறவளுக்குச் சொல்லும் ஆறுதலா இது? ஆனாலும் அழுகை நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சாயலாம் என்று தலையை வைத்தேன். கண் விழித்தால் வெயில் இறங்கிவிட்டது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

ஸ்கூல் வாசலில் அண்ணாச்சி. மடியில் செந்தில். எதிரே இருந்த காலி நிலத்தைக் காட்டி, சென்ட் என்ன விலை போகும் என்று அவனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த டீச்சரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்து ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?" என்று கத்தினேன்.

"வந்தேம்மா. ஜன்னல்ல பாத்தேன். நீ தூங்கினு இருந்த. அதான் திரும்பி வந்துட்டேன்."

செந்திலுக்குச் சட்டை மாட்டிவிட்டேன். மூன்று பேரும் பிள்ளைப்பாக்கத்துக்கு, அண்ணாச்சி வீட்டுக்குக் கிளம்புகிறோம்.

தூங்குங்க அண்ணாச்சி. நாங்களும் குரல் கொடுக்க மாட்டோம்...