பருத்திப்பட்டு ஏரியும் மூழ்கிய கப்பலும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மண்ணூர்பேட்டையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தேன். பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், காற்றை அழுத்தும் கம்ப்ரசர் செய்யும் சின்னக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. அப்பா, அம்மா போய்விட்டார்கள். அக்கா பூந்தமல்லியில் கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தாள்.

அந்தமானில், கடலுக்கடியில் ஆட்களை அழைத்துப் போய்க் காட்டுகிற ஒருவர் எங்களிடம் மெஷின் வாங்கினார். முக்குளிக்கிறவர்கள் முதுகில் மாட்டும் சிலிண்டரில் காற்று அடைக்கிற மெஷின். அதைப் பொருத்தி, சீசன் முடியும்வரை கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குடும்பஸ்தர்கள் தயங்கினார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "உனக்கு இன்னாப்பா, தனி ஆளு" என்றார். கப்பலேறினேன்.

வாங்கியவர் ராமநாதபுரத்துப் பக்கம். மெஷின் ஓட ஆரம்பித்ததும் ஒரு நாள் சொன்னார், "நீங்க அடைக்கிற காத்தை நீங்களே இழுத்துப் பாத்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்." விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கரையோரத்தில் சில நாள் பழக்கிவிட்டு, நிஜமாகவே ஆழத்துக்குக் கூட்டிப்போனார்.

கீழே ஒரு பழைய சரக்குக் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கைப்பிடிக் கம்பிகளில் பவளம் பிடித்து, இரும்பு எது, பவளம் எது என்று பிரிக்க முடியவில்லை. ஜன்னல் இருந்த ஓட்டை வழியாக மஞ்சள் மீன்கள் கூட்டமாக உள்ளே போய், வேறொரு ஓட்டை வழியாக வெளியே வந்தன. என் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. அறையிலும் எனக்கு அப்படித்தான். ஆனால் கடலுக்கடியில் அது உறுத்தவில்லை. சீசன் முடிந்து ஊருக்குப் புறப்படும்போது, முக்குளிக்க முகத்தில் மாட்டும் கண்ணாடி ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் எல்லோரிடமும் சொல்லத் துடித்தேன். டீக்கடையில் லேத் ஓட்டும் நண்பனிடம் ஆரம்பித்தேன். "அதெல்லாம் சரி மச்சான், அங்க வஞ்சிரம் இன்னா வெல?" என்றான். அக்கா பாதி கேட்டுவிட்டு, "உனுக்கு எதுனா ஆயிருந்தா யாருடா வந்து பாப்பா?" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அதோடு நான் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரிக்குப் போவேன். உள்ளே ஒரே செம்பழுப்பு. நீட்டிய கை தெரியாது. இருந்தும் மூச்சடக்கி இறங்குவேன். மில் வேலைக்குப் போய்க்கொண்டே அந்த ஏரியில் வலை வீசும் ஒருவர் கரையிலிருந்து பார்த்துச் சிரிப்பார். அவ்வளவுதான் பழக்கம்.

மழை விட்ட ஒரு ஞாயிறு காலையில் போனபோது கரையில் கூட்டம். என்னைப் பார்த்துச் சிரிக்கும் அந்த வலைக்காரர்தான் சறுக்கி ஆழத்தில் விழுந்துவிட்டாராம். மூங்கிலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். "கண்ணாடி போட்டுகினு எறங்குவாரே, அவரு வந்துட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் வழிவிட்டது.

நாலைந்து முறை இறங்கினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கைதான் தேடியது. முதலில் வலை தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். விரல்கள் தட்டுப்பட்டன. மேலே கொண்டுவந்து கிடத்தினேன். அவர் மனைவி வந்து, அவர் நெற்றியில் ஒட்டியிருந்த பாசியை முந்தானையால் துடைத்தார்.

அதன்பிறகு ஊரில் என்னை மதித்தார்கள். டீக்கடையில் உட்கார இடம் கொடுத்தார்கள். கடலுக்குள் போனேன் என்பதையும் நம்பினார்கள். ஆனால் எல்லோரும் கேட்டது அந்தப் பிணத்தைப் பற்றித்தான்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அந்த அம்மா என்னைத் தேடி ஏரிக்கரைக்கு வந்தார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"உள்ள எப்டி கீது தம்பி?"

"இருட்டும்மா. ஒண்ணும் தெரியல. சில்லுனு இருந்துச்சு."

தலையாட்டினார். தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார், "கடலுக்குள்ளயும் அப்டித்தானா?"

அப்போதுதான் சொன்னேன். கப்பல் கிடந்த கிடையை, கம்பியில் பூத்த பவளத்தை, ஜன்னல் மீன்களை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "அதுங்க பயப்படலியா உன்ன பாத்து?"

"இல்லம்மா. கிட்டயே வந்துச்சுங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். சீக்கிரமே வீட்டைக் காலி செய்து திருவேற்காட்டில் தம்பியோடு இருக்கப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் ஏரிக்குப் போக மனம் வரவில்லை. அந்தமானிலிருந்து யாரும் மறுபடி கூப்பிடவில்லை.

இரண்டொரு வருஷம் கழித்து ஆவடி பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் அவர் தம்பி மனைவி போலிருந்த ஒரு பெண். என்னைக் கண்டதும் அவளிடம் மெதுவாகச் சொன்னார், "இவருதான், கப்பலுக்குள்ள மீனுங்க இருக்கறத பாத்தவரு."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கூட்டம் நெருக்கி என்னைப் பின்னால் தள்ளியது. அவர்கள் எந்த நிறுத்தத்தில் இறங்கினார்கள் என்று தெரியவில்லை.