மகள் எடுத்துக்கொண்ட குடும்பப்பெயர்

கல்யாணத்துக்கு ஆறு கிழமை இருக்கையில் மகள் சுவிஸில், பேர்ண் நகரத்துக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் வருங்காலக் கணவரின் குடும்பப்பெயரை எடுக்கப் போவதாகச் சொன்னாள். அவர் இங்கிலாந்துக்காரர். பேர்ணில் வேலை. அவருடைய ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்குமாம். நல்லது என்று சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

என் குடும்பப்பெயர் என் தகப்பனாரின் பெயர். எங்களிடம் குடும்பப்பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. இலங்கையிலிருந்து அகதியாக இங்கே வந்து பதிந்த அன்று படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்றார்கள். தகப்பனாரின் பெயரை எழுதினேன். பிறகு மனைவிக்கும் மகளுக்கும் அதுவே பெயராயிற்று.

அடுத்த திங்கள் ஓல்டனில் உள்ள சாமான் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போகும்போது ரயிலில் மருமகனின் குடும்பப்பெயரைத் தொலைபேசியில் தேடினேன். அந்தப் பெயர் கொண்ட பிரபலமானவர்களின் பட்டியல் வந்தது. விரலால் தள்ளத் தள்ள அதற்கு முடிவே இல்லை. கடற்படைத் தளபதி, மேற்றிராணியார், பந்தடிக்காரர் மூன்று பேர், மனைவிக்கு நஞ்சு கொடுத்துத் தூக்கில் தொங்கியவன். இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரும் இருந்தார். அவர் நல்லவரா என்று பார்க்க எழுந்த ஆசை எனக்கே விசர்த்தனமாகப் பட்டது. ஆனாலும் வாசித்தேன். நல்லவரா கெட்டவரா என்று அதில் ஒன்றும் இல்லை. பிறகு தகப்பனாரின் பெயரைத் தேடினேன். ஒரு கிரிக்கெட் வீரரும் ஒரு நீதிபதியும் வந்தார்கள். இரண்டு பேரும் எங்களுக்குச் சொந்தமில்லை.

தலையை நிமிர்த்தியபோது ஓல்டன் போய்விட்டது. அடுத்த நிறுத்தமான ஆராவில் இறங்கி, மேற்பார்வையாளருக்குப் பிந்தி வருவேன் என்று அறிவித்துவிட்டு, மேடையின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம் வரைக்கும் நடந்தேன். மகளுக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் பெயரை விடத்தான் வேண்டுமா என்று கேட்டேன்.

"அது உங்கட பேருமில்லை அப்பா," என்றாள். "அப்பப்பாவின்ர பேர். ஏன் கோவிக்கிறியள்?"

"கோவமில்லை பிள்ளை. ஒரு இடத்திலை இருக்க ஏலாமல் கிடக்கு."

தன் பெயரை ஒவ்வொரு வகுப்பிலும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் களைத்துவிட்டதாகச் சொன்னாள். அதை அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

பின்னேரம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ர அப்பாவின்ர பேர் எங்கை போச்சுது எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே," என்றாள்.

ஓம், கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அன்று அவளுக்கு முன்னால் இருந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது.

பதிவுத் திருமணத்தன்று மகள் புதுப்பெயரில் கையெழுத்து வைத்தாள். வேகமாக, ஏற்கெனவே பழகியவள்போல. படம் எடுத்து முடிந்து எல்லோரும் வெளியே போகையில் மனைவி அலுவலர் இருந்த கருமபீடத்துக்குத் திரும்பிப் போய்த் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஏதோ கேட்டாள். பெயர் மாற்ற வேறு அலுவலகம், வேறு படிவம், காரணமும் எழுத வேண்டும் என்றார் அலுவலர்.

படிவம் வந்துவிட்டது. தன் தகப்பனாரின் பெயரை அவளே எழுதினாள். காரணம் என்ற இடத்தை என்னிடம் விட்டிருக்கிறாள். வேறு தாளில் மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.