ஒழுகிய கலத்தோடு லண்டனுக்கு

செவ்வாய், மாலை 4.20. ஹீத்ரோவில் இறங்கியதும் பாதாள ரயிலுக்கு ஐந்து பவுண்டு எண்பது பென்ஸ் பறிபோனது. ரூபாயில் மாற்றிப் பார்த்துவிட்டு, இனி மாற்றிப் பார்ப்பதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். வழியில் ஒரு வண்டி மாறி, கிழக்கு லண்டனில் பிளேஸ்டோ போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் ஒன்பது கூட்டுச் சேர்ந்து, வெப்பத்தைச் சேமிக்கும் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒன்பது பேரைத் தேடின. கடைசிச் சுற்று நேர்காணல் லண்டனில். கடந்த மூன்று வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வசித்த நாட்டில் இடம் கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதி. தூத்துக்குடியைத் தாண்டாத எனக்கு அந்தக் கவலை இல்லை. முப்பத்து நான்கு வயது, பத்தாவது விண்ணப்பம். இதுவும் போனால் இனி விண்ணப்பிப்பதில்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

தங்கியது, தெரிந்தவர்கள் மூலம் அறிமுகமான ராசமலர் அக்கா வீட்டில். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடம் டென்மார்க்கில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். "படிக்கப் போறன் எண்டு சொல்லாதேங்கோ பிள்ளை. அங்க டென்மார்க்கில பி.எச்.டி. எண்டா வேலை. சம்பளம், லீவு எல்லாம் இருக்கு" என்றபடி இடியப்பத்தைத் தட்டில் போட்டார்.

புதன், காலை 11.00. விக்டோரியா நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அரங்கு. எதிரே நான்கு பேர். உருக்கிய உப்பில் வெப்பத்தைச் சேமிக்கும் கலம் பற்றிய என் கட்டுரையைக் காட்டி, இதில் உங்கள் பங்கு என்ன என்றார்கள்.

எங்கள் கல்லூரியில் துறைத்தலைவர் பெயர் இல்லாமல் கட்டுரை வெளியே போகாது. ஆய்வகச் சாவி எங்கே தொங்குகிறது என்று தெரியாதவர் பெயர்தான் முதலில் இருக்கும். பழக்கதோஷம், "எல்லாம் எங்கள் ஹெச்.ஓ.டி. சாரின் வழிகாட்டுதல்" என்றேன். கலத்தை வடிவமைத்தது? சார். அளவீடுகள்? அதுவும் சார்தான்.

டென்மார்க்கிலிருந்து வந்திருந்த பேராசிரியை பேனாவை மூடினார். "அப்படியானால் நாங்கள் அவரை அல்லவா அழைத்திருக்க வேண்டும்?"

கேலியாகச் சொல்லவில்லை. சாருக்குத் தூக்கிக் கொடுத்த பெயரை எப்படித் திரும்பக் கேட்பது?

அவரே, "சரி, எதெல்லாம் சரியாக வரவில்லை?" என்று கேட்டார்.

தோல்விக்கு யாரும் பெயர் போடச் சொன்னதில்லை. அது முழுக்க என் சொத்து. உருகிய உப்பு மூன்று முறை ஒழுகியதையும், என் செருப்பு பொசுங்கியதையும் சொன்னேன். பாத்திரக்கடையில் செம்புத் தகடு வாங்கி, நானே வளையம் வெட்டி மூடியின் இடுக்கில் வைத்து, நான்காம் முறை கலம் ஒழுகாமல் நின்றதைச் சொன்னேன். சார் ஞாபகமே வரவில்லை. பேராசிரியை பேனாவைத் திறந்து, வளையத்தை வரைந்து காட்டச் சொன்னார். முப்பது நிமிட நேர்காணல் ஐம்பது நிமிடம் ஓடியது.

மாலை 5.30. பிளேஸ்டோவில் இறங்கி நடக்கும்போது அழைப்பு வந்தது. இடம் கிடைத்துவிட்டது: டென்மார்க்கில் ஆர்ஹூஸ் நகரம், மூன்று வருடம். அப்பாடா என்று ஒரு மதில் சுவரில் சாய்ந்துகொண்டேன். பத்து விண்ணப்பத்தின் பாரமும் ஒன்றாக இறங்கியது. செய்தி கேட்ட ராசமலர் அக்கா, "அங்க சரியான குளிர், பிள்ளை. என்ர ஜாக்கெட் ஒண்டு தாறன்" என்று மாடிக்குப் போனார்.

ஊரில் தூங்காமல் காத்திருந்த கணவரை அழைத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஹெச்.ஓ.டி. சார்கிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"நாளைக்குச் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாளாவது இது என் பேர்ல மட்டும் இருக்கட்டும்."